டெஸ்ட் பீஸ்

எங்கள் கம்பெனியில் டெஸ்ட் பீஸ் தைப்பது எப்போதும் டேப்பக்காதான். அதில் யாருக்கும் பொறாமை கிடையாது. எனக்கு மட்டும் கொஞ்சம் உண்டு.

டெஸ்ட் பீஸ் என்றால் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் தைத்தது ராணுவத்துக்கான விஷவாயு உடுப்பு. தலை முக்காட்டிலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, மூன்று அடுக்குத் துணி, நடு அடுக்கில் கரித்தூள். கையில் எடுத்தால் நனைந்த கம்பளி மாதிரி கனக்கும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஊசி இறங்கிய இடத்திலெல்லாம் ஓட்டை விழும். துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அந்த ஓட்டை வழியாக விஷம் உள்ளே வந்துவிடும். அதனால் தையலின் உட்புறம் ஒரு விரல் அகலத்துக்கு டேப் வைத்து, சூட்டுக்காற்று மிஷினில் ஓட்டுவார்கள். சூட்டில் டேப்பின் பசை உருகி ஓட்டைக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் நன்றாக இறங்கும். வேகமாக ஓட்டினால் மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே இறங்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முந்நூறு உடுப்பு சேர்ந்தது ஒரு லாட். லாட்டுக்கு ஒன்று லேபுக்குப் போக வேண்டும். அங்கே அதைக் கண்டதுண்டமாக வெட்டி, விஷ மருந்து ஊற்றி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். போன உடுப்பு திரும்பி வராது, 'பாஸ்' என்று ஒரு தாள் வரும். அந்தத் தாளின் நகலை மீதி உடுப்புகளோடு வைத்து, காற்றை உறிஞ்சி, சீல் வைப்பது என் வேலை. ஒருதடவை சீலைப் பிரித்தால் உடுப்புக்கு நாலு நாள்தான் ஆயுசு. அப்புறம் வெறும் காற்றே அந்தக் கரியைத் தின்றுவிடும். அதனால் வாங்குகிறவர்களும் பிரித்துப் பார்ப்பதில்லை. தாளைப் பார்ப்பார்கள், அலமாரியில் அடுக்குவார்கள்.

லாட் ஆரம்பிக்கிற அன்று சூப்பர்வைசர் தம்பி வந்து, "அக்கா, டெஸ்ட் பீஸ்" என்பான். அவ்வளவுதான், டேப்பக்கா உட்கார்கிற ஒன்றாம் நம்பர் மிஷினைச் சுற்றி ஒரு மரியாதை வந்துவிடும். யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கமாட்டோம். அவளுக்கு மட்டும் டீ இருக்கிற இடத்துக்கே வரும். வேகத்தைக் குறைத்து, டேப்பை விரலால் நீவி நீவி, அரை நாள் ஒரே உடுப்போடு உட்கார்ந்திருப்பாள். முடித்ததும் நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். அது லேபுக்குப் போகும். பிறகு ஒன்பது டேப் மிஷினும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு முந்நூறை முடிக்கும்.

இதில் ஏதாவது தப்பு இருப்பதாக ஏழு வருஷத்தில் எங்களில் ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டுமே! தோன்றவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி, நல்ல தட்டை எடுத்து வைக்கிறோம் இல்லையா, அந்த மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனி மானம் டேப்பக்கா கையில் என்று சூப்பர்வைசர் சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் தும்மினால் நான் எழுந்துவிடுவேன். அவள் வீட்டுக்காரர் ராணுவக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். சிப்பாய் இல்லை, துப்பாக்கி பிடித்ததில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் எல்லையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதே அவருடைய சாவிக்கொத்துதான் என்று நினைப்பீர்கள். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை வாயாடி என்பார். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டுபேராக இருந்தார்கள். நானோ ஒண்டிக்கட்டை. பாதி நாள் சாப்பாடு அங்கேதான்.

அது விடாமல் தூறிக்கொண்டிருந்த வாரம். துவைத்தது எதுவும் காயவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, ஈரத்துணிக்கு அடியில் குனிந்து குனிந்து நடமாடிக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் போனபோது மாமா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா கீரை கடைந்துகொண்டிருந்தாள்.

"வா வாயாடி, உன்னைத்தான் நினைச்சேன். உன் கையெழுத்து இன்னிக்கு என் கிடங்குக்கு வந்து சேர்ந்துச்சு. ஒவ்வொரு பாக்கெட் மேலயும் கோழி கிளறின மாதிரி ஒரு கிறுக்கல்."

"அது மிஷின் நம்பர் மாமா. எந்த மிஷின்ல போனதுன்னு நான் குறிச்சு வைப்பேன். உங்களுக்குப் புரியணும்னு எழுதல."

"புது லாட் முந்நூறும் இறங்கிடுச்சு. திங்கட்கிழமை காலையில நாப்பது பேருக்கு எடுத்துக் கொடுக்கணும்."

"பயிற்சிக்கா?" என்றாள் அக்கா, மத்தை நிறுத்தாமல்.

"பயிற்சியாவது! நிஜமாவே போறாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் ரோடு போடத் தோண்டினாங்க இல்ல, அங்க பழைய யுத்தத்துல புதைச்ச குண்டு கிடக்காம். நூத்துக்கும் மேல. அத்தனையும் விஷக்குண்டு. துருப்பிடிச்சு ஒண்ணுரெண்டு கசிய ஆரம்பிச்சிருக்கு. மழைத்தண்ணி வேற குழியில இறங்குது. இந்த நாப்பது பேரும் உள்ள இறங்கி ஒவ்வொண்ணா கையால தூக்கி வெளிய வைக்கணும்."

"கையாலயா?"

"பின்னே? மிஷின் வச்சு அள்ளினா வெடிச்சிடாதா? அதுல பாதிப் பசங்க இருபத்திரெண்டு, இருபத்திமூணு வயசு. ஒருத்தன் அளவு கொடுக்க வந்தவன் கேக்கறான், 'சார், இது தாங்குமா'ன்னு. நான் நெஞ்சை நிமித்திச் சொன்னேன், 'தம்பி, இதைத் தைக்கிறது என் பொண்டாட்டி. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக்கோ'ன்னு."

மத்து நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா சட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?" என்றார் மாமா.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஏன், பொய்யா? லேப்ல பாஸ் ஆனது உன் உடுப்புதானே?"

"லேப்ல பாஸ் ஆனது என் உடுப்புதான். நீங்க அந்தப் பையனுக்குக் கொடுக்கப்போறது அது இல்லையே."

மாமாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அரை நாள் உட்கார்ந்து ஒன்று. மற்றதெல்லாம் மணிக்கு ஒன்று. லேப்காரர்கள் பார்த்தது அரை நாள் உடுப்பு. மணிக்கு ஒன்றாக ஓட்டியதை இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை.

"அப்போ அந்தத் தாளு?" என்றார் மாமா.

"தாளு நிஜம். அந்த ஒரு உடுப்புக்கு நிஜம்."

"மத்ததெல்லாம் ஓட்டைன்னா சொல்றே?"

"ஓட்டைன்னு எனக்குத் தெரியாதுங்க. நல்லாயிருக்குன்னும் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதான் சொல்றேன்."

மாமா தட்டை நகர்த்தி வைத்தார். மனுஷன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஏழு வருஷமா ஏன்டி சொல்லல?"

"ஏழு வருஷமா எனக்கே தெரியலையே! பெருமையா இல்ல தைச்சுக்கிட்டு இருந்தேன்?" என்றாள் அக்கா. அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். வாய் இருக்கிறதே, அது வேறு சொன்னது. "அக்கா, இதை இத்தோட விடு. இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே. நீ வாயைத் திறந்தா கம்பெனிய இழுத்து மூடுவாங்க. நூத்திநாப்பது பொம்பளைங்க. உனக்கு மாமா சம்பளம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

"இத்தனை வருஷம் யாரும் அதைப் போட்டுக்கிட்டு விஷத்துல இறங்கலையேடி," என்றாள் அக்கா. கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கீரையைக்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் சூப்பர்வைசரிடம் போனாள். அவன் நல்லவன்தான். கல்யாணமாகி ஒரு வருஷம், எதற்கும் 'சரிங்க சார்' சொல்லிச் சொல்லிக் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்தவன். பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார்கள்.

"தம்பி, அந்த லாட்ல ஏதாவது ஒண்ணை, கைக்கு வந்ததை எடுத்து, லேபுக்கு அனுப்பேன்."

"வண்டி போயிடுச்சுக்கா. பாஸ் ஆன லாட்டை எதுக்குக்கா திரும்ப அனுப்பணும்?"

"பாஸ் ஆனது நான் உக்காந்து இழைச்சது. உனக்குத் தெரியாதா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அக்கா, டெஸ்ட் பீஸை நல்லா தைங்கன்னு சொன்னது தப்பா? மோசமாத் தைங்கன்னா சொல்ல முடியும்?"

"எல்லாத்தையும் தைக்கிற மாதிரித் தைன்னு சொல்லியிருக்கலாம்."

"நீங்களாவது கேட்டிருக்கலாமேக்கா," என்றான் அவன். குத்திக்காட்டவில்லை, பாவம், நிஜமாகவே கேட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லேபுக்கு இப்ப அனுப்பினாலும் பதில் வரப் பத்து நாள் ஆகும். எனக்கு மேல இருக்கிறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது? நாம ஏழு வருஷமா அனுப்பினது எதுவும் கணக்கு இல்லைன்னா?" என்றான்.

அக்கா மிஷினுக்குத் திரும்பிப்போய் வேகத்தைக் குறைத்தாள். அன்று அவள் முடித்தது இரண்டு உடுப்பு. பக்கத்து மிஷின்காரிகள் ஜாடையாகப் பார்த்தார்கள். எனக்குப் பாக்கெட் வராமல் கை சும்மா இருந்தது, அதில் இன்னும் எரிச்சல்.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சண்டை போட்டால்கூட மனசு ஆறும். போய்க் கதவைத் தட்டினேன். இரண்டுபேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குண்டு எடுக்கிற வேலைக்குப் பொறுப்பான மேஜரிடம் சொல்லிவிடுவது என்று மாமா முடிவுசெய்திருந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டால் அக்காவைச் சொல்ல வேண்டும், அக்காவைச் சொன்னால் கம்பெனி போகும். அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"மாமா, முந்நூறையும் ஏன் தூக்கிப் போடணும்? பாக்கெட் மேல என் கிறுக்கல் இருக்கே! ஒன்றாம் நம்பர் போட்டது எல்லாம் அக்கா தைச்சது. அதை மட்டும் பொறுக்கி அந்த நாப்பது பேருக்குக் கொடுங்க. அக்கா கையைவிட நல்ல கை எது? பசங்களும் தப்பிச்சாங்க, நாங்களும் தப்பிச்சோம்."

மாமா எழுந்தே விட்டார். "இது தோணலையே எனக்கு! அடி வாயாடி, உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்."

அக்கா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாப்பது தேறுமா என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாமா மேஜரிடம் பேசினார். மேஜர் சனிக்கிழமை காலையில் எங்கள் இரண்டுபேரையும் அழைத்துவரச் சொல்லிவிட்டார். கிறுக்கலைப் படிக்க நான், தைத்தவள் என்ற முறையில் அக்கா.

கிடங்கு நீளமான தகரக் கொட்டகை. கூரையில் தூறல் விழுகிற சத்தத்தில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மேஜர் நாங்கள் நினைத்த மாதிரி மீசைக்காரர் இல்லை, ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்ணோடு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"அம்மா, நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நாள் கடத்த எனக்கு வழியில்ல. குழியில இடுப்பளவு தண்ணி. கீழ்ப்பக்கம் குடியிருப்பு. ஜனங்களை வெளியேத்தவும் மேல ஒத்துக்கல. எனக்கு நாப்பது உடுப்பு வேணும். நம்பிப் போட்டுக்கிற மாதிரி நாப்பது."

நான் வேலையில் இறங்கினேன். சிப்பாய்கள் பெட்டிபெட்டியாக இறக்க இறக்க, ஒன்றாம் நம்பரைப் பொறுக்கி மேஜையில் அடுக்கினேன். என் கையெழுத்து எனக்கு உதவியாக இருந்தது அன்றைக்குத்தான். பத்து, இருபது, முப்பது. மாமா வாய்விட்டு எண்ணினார். மேஜர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. முப்பத்தொன்பது, நாற்பது என்றதும் ஒரு சிப்பாய் சிரித்தே விட்டான். இன்னும் வந்துகொண்டிருந்தது. கடைசியில் நாற்பத்தி நாலு.

"பார்த்தீங்களா சார்! நாலு உபரியா வேற இருக்கு," என்றார் மாமா. "எண்ணிப் பார்த்தேன், மத்த மிஷின் எல்லாம் முப்பத்திரெண்டுதான். இவ எப்பவும் எல்லாரையும்விட வேகம்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த குவியலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மேஜர் பேனாவை எடுத்துவிட்டார்.

"சார், ஒரு வாளி தண்ணி கொண்டுவரச் சொல்றீங்களா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ஆறு நாள்ல நாப்பத்தி நாலு முடிச்சிருக்கேன் சார். மத்தவங்க முப்பத்திரெண்டு. அவங்களைவிட வேகமா ஓட்டினாத்தானே இது வரும்? டெஸ்ட் பீஸ் ஒண்ணுக்கு எனக்கு அரை நாள் ஆச்சு. இதெல்லாம் அப்படித் தைச்சது இல்ல."

"அக்கா, சும்மா இரு," என்று அவள் கையைப் பிடித்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலாக இருந்த பாக்கெட்டை எடுத்து அவளே பிரித்தாள். உஸ் என்று காற்று உள்ளே போனது. உடுப்பை உதறி, இரண்டு காலையும் தொடைப் பக்கம் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். இரண்டு சிப்பாய்கள் இடுப்புப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், தண்ணி நின்னா விஷமும் நிக்கும்னு அர்த்தம் இல்ல. அதுக்கு லேப்தான் வேணும். ஆனா தண்ணியே நிக்கலைன்னா மேற்கொண்டு பேச ஒண்ணும் இல்ல."

மாமாதான் ஊற்றினார். இடுப்புக்குக் கீழே உடுப்பு கனத்துத் தொங்கியது. நாங்கள் எல்லோரும் குனிந்து தையலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். கும்பிட்டது அந்தப் பையன்களுக்காக என்று சொல்ல ஆசைதான், ஆனால் என் வேலைக்காகத்தான் கும்பிட்டேன்.

இரண்டு காலும் சேருகிற இடத்தில், நாலு தையல் ஒன்றாகக் கூடுமே, அங்கே முதலில் துணி கொஞ்சம் கறுத்தது. பிறகு ஒரு முத்து. பக்கத்தில் இன்னொன்று. ஊசி இறங்கிய இடைவெளிக்கு இடைவெளி வரிசையாக நின்று, ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது.

சிரித்த சிப்பாய் உடுப்பைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜர் மெதுவாக, "இன்னும் நாப்பத்தி மூணு இருக்கு. ஒவ்வொண்ணா ஊத்திப் பார்த்து, நிக்கிறதை எடுத்துக்கலாமே," என்றார். உத்தரவு போடவில்லை, கெஞ்சுவதுபோலத்தான் இருந்தது.

"எடுத்துக்கலாம் சார். நின்னதை நான் கையில கொடுத்தா அந்தத் தம்பிங்க என்னை நம்பிப் போட்டுக்குவாங்க. மருந்து நிக்குமான்னு எனக்குத் தெரியாதே."

"ஏழு வருஷமா வாங்கறோம். இதுவரை ஒருத்தரும் இப்படி வந்து சொன்னதில்ல."

"எனக்கே செவ்வாய்க்கிழமைதான் சார் தெரியும்."

மேஜர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். பிறகு போன் எடுத்து வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. யாரோ மேலதிகாரி திட்டியிருக்க வேண்டும், இரண்டுமுறை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அரைமணி நேரம் கழித்து உள்ளே வந்து, திங்கட்கிழமை யாரும் குழியில் இறங்கப்போவதில்லை, கீழ்க்குடியிருப்பைக் காலிசெய்ய வண்டி அனுப்புகிறார்கள் என்று சொன்னார். எண்ணூறு பேர் கைக்குழந்தையும் கோழியுமாக அந்த மழையில் வெளியேறியதை மறுநாள் நாங்கள் பாலத்தின்மேல் நின்று பார்த்தோம். கம்பெனி இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த இரண்டு மாதமும் எத்தனைபேர் அக்கா வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. முதல் வாரம் நானும் அவளோடு பேசவில்லை. அதையாவது ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்குக் கிளம்பும் முன் மாமா பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். முந்நூறையும் வழங்கக்கூடாது என்று ஒதுக்கி வைப்பதானால் அவர்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேதி போட்டார், லாட் எண் போட்டார், எண்ணிக்கை எழுதினார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. முப்பது வருஷம் அந்தக் கட்டத்தில் 'எலி கடித்தது', 'நனைந்தது', 'காலாவதி' என்று எழுதிப் பழகிய கை.

"சார், காரணம் என்னன்னு எழுதட்டும்? லேப் தாளு பாஸ்னு இருக்கு. அதுக்கு எதிரா எழுத எனக்கு அதிகாரம் இல்ல."

மேஜர் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை, கடைக்காரனிடம் சாமான் கேட்கிற குரல்தான்.

"தைச்சவளே கொடுக்க வேண்டாம்னு சொல்லிட்டான்னு எழுதுங்க."

மாமா அவளை ஒருதடவை பார்த்தார். பிறகு குனிந்து, கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழிகிற அளவுக்கு, அதை அப்படியே எழுதினார்.